உடன்பிறந்தோர்: இல்லை

மாப்பிள்ளைக்குத் தங்கை இல்லை என்று மைக்கில் பொய் சொன்னது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை. என் கல்யாணத்தன்று, நம் சங்க மண்டபத்தில், மணவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னீர்கள்.

"மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்த பொண்ணு இல்லீங்க. அதனால பெரியப்பன் மவ இணைச்சீருக்கு நிக்கறாங்க. பெரியவங்கல்லாம் ஆசீர்வாதம் பண்ணோணும்."

அதே நேரத்தில் என் தங்கை அதே மண்டபத்தின் பின்பக்கம், பாத்திர அறையில், வெளியே தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு அந்தப் புறம் நின்றுகொண்டிருந்தாள். அது உங்களுக்குத் தெரியும். அங்கே வைக்கச் சொன்னதே நீங்கள்.

எனக்கும் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மாலை கழுத்தை அறுத்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. என் பங்கை நான் ஒளிக்கப்போவதில்லை. பிறகு சொல்கிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் 'நீங்கள்' என்று சொல்கிறவர் எங்கள் சமூகச் சங்கத்தின் தலைவர். பருத்தி ஜின்னிங் பாக்டரி முதலாளி. கோயமுத்தூரில் எங்கள் ஆட்களுக்கென்று முதன்முதலில் கல்யாண மண்டபம் கட்டியவர். நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. எத்தனையோ ஏழை வீட்டுக் கல்யாணங்களை முன்னால் நின்று நடத்தியிருக்கிறார். எனக்குப் பெண் பார்த்துக் கொடுத்ததும் அவர்தான்.

எங்கள் வீடு துடியலூர் தாண்டி உள்ளே போக வேண்டும். நாலு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு. நான் நகரத்தில் பம்புசெட் பட்டறையில் வார்ப்பு வேலை. மண்ணில் அச்சு எடுத்து இரும்பைக் காய்ச்சி ஊற்றுவது. காலையில் சைக்கிளில் போனால் பொழுது சாயத் திரும்புவேன். என் தங்கை என்னைவிட எட்டு வயது சின்னவள். ஐந்து வயதில்தான் நடந்தாள். பேச்சு வரவே இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு ஒரு நாள் கன்றுக்குட்டியைப் பார்த்து 'வா' என்றாள். அதற்குப் பிறகு ஏழெட்டு வார்த்தைகள் வந்தன. அவ்வளவுதான். பெரியாஸ்பத்திரி டாக்டர் அவள் தலையை அளந்து பார்த்துவிட்டு, "மூளை வளர்ச்சி கம்மி, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. கோயில்காரர்களும் சொல்லவில்லை. மந்திரித்துக் கயிறு கட்டினவன் மட்டும் மாதாமாதம் வரச்சொன்னான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் நிற்பாள். கூறைச் சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவள் கையில். சீரை நடத்துகிற அருமைக்காரர் சொல்லும்வரை அந்த முனையை விடக்கூடாது. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனாலும் கூடப் பிறந்தவள் உறவு அறுந்துவிடாது என்று அதற்கு அர்த்தம். அது இல்லாமல் தாலி கட்டமாட்டோம். உடன்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி மகள் நிற்கலாம்.

எனக்குப் பெண் நிச்சயமானதும் அம்மா தங்கையைப் பழக்கத் தொடங்கினாள். ஒரு மாதம் பழக்கினாள். மாட்டுக் கொட்டகையில் ஒரு பழைய சேலையை எடுத்து ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை அவள் கையில் கொடுப்பாள். முதல் வாரம் கொடுத்த உடனே கீழே போட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவாள். இரண்டாவது வாரம் வாயில் வைத்துச் சப்பினாள். பக்கத்து வீட்டில், மில்லில் நூல் சுற்றும் ரீலிங் வேலை பார்க்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்தால் நேரே எங்கள் கொட்டகைக்குத்தான் வருவாள். வாயாலேயே மேளம் கொட்டுவாள்.

"அம்மணி, கெட்டியாப் புடிச்சுக்கோ. உட்டீன்னா உங்கண்ணன் பொண்டாட்டிகூட ஓடியே போயிருவான்."

"ஓடமாட்டான். அவனுக்குச் சைக்கிளே மெதுவாத்தான் மிதிக்கத் தெரியும்" என்பாள் அம்மா.

தங்கை சிரிப்பாள். என்ன புரிந்து சிரித்தாளோ தெரியாது. மூன்றாவது வாரம் ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் முனையைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நின்றிருந்தாள். மாடு வாலால் முகத்தில் அடித்தது. அப்போதும் விடவில்லை. என்னைப் பார்த்து, "உடட்டுமா?" என்றாள். அது புது வார்த்தை. ரீலிங் அக்கா கைதட்டினாள். அம்மா என்னிடம், "சொல்லு சாமி. நீ சொன்னாத்தான் உடோணும்னு சொல்லி வெச்சிருக்கறேன்" என்றாள்.

"உடு கண்ணு" என்றேன். விட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான் எங்கள் விளையாட்டு. நான் சைக்கிளை நிறுத்துவேன். அவள் கேட்பாள். நான் சொல்வேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்தீர்கள். அம்மாவே பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, நம்ம அம்மணியவே சீருக்கு நிறுத்திப்போடலாம்னு இருக்கறமுங்க. நல்லாப் பழகீட்டா. நீங்க வேணா பாருங்க."

நீங்கள் பார்க்கவில்லை. "நிறுத்தலாமுங்க. பொண்ணு வூட்டுக்காரங்க பாத்துப்போட்டு எந்திரிச்சுப் போனாங்கன்னா நீங்க போயிக் கூட்டியாருவீங்களா?" என்றீர்கள்.

அப்பா துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இத பாருங்க. நானு ரெண்டு பக்கத்துக்கும் நல்லதுதான் சொல்லுவேன். கல்யாணம் முடியட்டும். அப்பறம் மெல்லமாச் சொல்லிக்கலாம். கட்டுன தாலிய ஆரு அவுக்கறது? அதுவரைக்கும் புள்ளைய உள்ளார வெச்சுக்கோங்க."

'ரெண்டு பக்கத்துக்கும்' என்று நீங்கள் சொன்னதை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

தங்கையை வீட்டில் தனியாக விட்டுவர முடியாது. மொத்த ஊரும் கல்யாணத்துக்கு வந்துவிட்டது. அதனால் மண்டபத்துக்கே கொண்டுவந்து பாத்திர அறையில் வைத்தார்கள். விடியற்காலையில் மேளச் சத்தம் கேட்டதும் அவள் கதவைத் தட்ட ஆரம்பித்தாள். அந்தச் சத்தம்தான் ஒரு மாதமாக ரீலிங் அக்கா வாயால் கொட்டிய மேளம். தன் முறை வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். சத்தம் வெளியே கேட்கும் என்று பயந்து அம்மா உள்ளே ஓடினாள். தன் மாற்றுச் சேலையை எடுத்து ஒரு முனையைப் பெரிய அண்டாவின் வளையத்தில் முடிந்தாள். மறுமுனையைத் தங்கை கையில் கொடுத்தாள். "அண்ணன் வந்து சொல்ற வரைக்கும் உடாதே கண்ணு" என்றாள். தட்டுவது நின்றுவிட்டது. அம்மா வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டாள்.

இதை அம்மா எனக்குச் சொன்னது பல மாதம் கழித்துத்தான். சொல்லும்போது தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

அன்று காலை நம் சங்க குமாஸ்தா கல்யாணப் பதிவேட்டைக் கொண்டுவந்தான். மாப்பிள்ளை பெயர், ஊர், குலம், தகப்பன், தாய், உடன்பிறந்தோர். பெண் வீட்டுக்கும் அதே மாதிரி எதிர்ப் பக்கத்தில். உடன்பிறந்தோர் என்ற இடத்தில் குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் உங்களைப் பார்த்தேன்.

"இல்லைன்னு எழுது. மைக்குல சொல்றதும் ஏட்டுல இருக்கறதும் ஒண்ணா இருக்கோணும்" என்றீர்கள்.

அவன் எழுதினான். நான் கையெழுத்துப் போட்டேன். கையெல்லாம் மஞ்சள். என் கட்டைவிரல் பட்டு அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் ரேகை விழுந்தது. யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. எனக்கு வயது இருபத்தைந்து. வார்ப்படப் பட்டறையில் காய்ச்சின இரும்புக்குப் பக்கத்தில் நிற்கிறவன். உங்களுக்குப் பயந்தேன்.

பெரியப்பன் மகள் இணைச்சீருக்கு நின்றாள். நல்ல பெண்தான். சீர் முடிவதற்குள் மூன்று தடவை கையை மாற்றினாள். பூ சரிகிறது என்று ஒரு தடவை முனையையே விட்டுவிட்டுத் தலையைத் தொட்டுக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாடு, மொய், பந்தி, பேச்சு என்று நாள் போனது. நீங்கள் என் முதுகைத் தட்டி, "பாத்தீங்களா, ஒரு கொறையும் இல்லாம முடிஞ்சுது" என்றீர்கள். சாயங்காலம் ஆயிற்று. நான் தங்கையை மறந்துவிட்டேன். இதை எழுதுவதற்கு எத்தனையோ நாள் தள்ளிப்போட்டிருக்கிறேன். மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

பெண் வீட்டுச் சீர்ப் பாத்திரங்களையும் முந்தின நாளே அந்த அறையில்தான் அடுக்கியிருந்தார்கள். கிளம்புகிற நேரத்தில் எடுத்து வண்டியில் ஏற்ற வேண்டும் என்று என் மனைவி அவள் சித்தியோடு உள்ளே போனாள். கட்டிய தாலியில் மஞ்சள் காயவில்லை. சித்தி அலறிக்கொண்டு வெளியே வந்தாள். "உள்ளார ஒரு புள்ள நிக்குதுங்க!"

நான் போய்ப் பார்த்தபோது தங்கை நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை, ஏனென்றால் நிற்கத்தான் பழக்கியிருந்தோம். பக்கத்தில் இலையில் வைத்த சோறு அப்படியே ஈ மொய்த்துக் கிடந்தது. சாப்பிட வேண்டுமென்றால் வலது கையிலிருந்த முனையை விட வேண்டும். பாவாடை நனைந்து காய்ந்து மறுபடியும் நனைந்திருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"உடட்டுமா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "இது ஆருங்க?" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் அம்மா நின்றிருந்தாள்.

"உடட்டுமாண்ணா?" என்றாள் தங்கை மறுபடியும். கால் நடுங்க ஆரம்பித்திருந்தது.

"அண்ணன்னு சொல்லுது. உங்களத்தானுங்க கேக்குது. சொல்லுங்க" என்றாள் மனைவி.

"உடு கண்ணு."

அவளால் விட முடியவில்லை. விரல்கள் இறுகிவிட்டிருந்தன. நானும் என் மனைவியும் ஒவ்வொரு விரலாகப் பிரித்தோம். பட்டுப் புடவையோடு அவள் அந்த ஈரத் தரையில் மண்டி போட்டிருந்தாள். எல்லா விரலும் பிரிந்த பிறகு அங்கேயே ஒரு குண்டாவின் மேல் உட்கார்ந்து அழுதாள். ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று அழுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"அதுக்கில்லீங்க. எங்கூட்டுலயும் ஒருத்தன் இருக்கறானுங்க. எந்தம்பி. இதே மாதிரி. தோட்டத்துச் சாளைக் குடுசைல கட்டிப்போட்டுட்டு வந்திருக்கறமுங்க. மாப்பிள்ளை வூட்டுக்குத் தெரிஞ்சா தாலியே கட்டமாட்டாங்கன்னு தலைவருதான் சொன்னாரு."

ரெண்டு பக்கத்துக்கும் நல்லது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் பயந்து ஒருவனை ஒளித்தார்கள். நாங்கள் பயந்து ஒருத்தியை ஒளித்தோம். இரண்டு வீட்டு மோரையும் குடித்தவர் நீங்கள். அந்தப் பக்கம் ஒரு வார்த்தை, இந்தப் பக்கம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரண்டு பேரும் அன்று மணவறைக்குப் பக்கத்தில் நின்றிருப்பார்கள். யாரும் எழுந்து போயிருக்கமாட்டார்கள். யார் எழுந்து போவது?

மறுவாரம் தொண்டாமுத்தூரில் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். மலையடிவாரத் தோட்டம். மச்சினனுக்குப் பன்னிரண்டு வயது. கணுக்காலில் கயிற்றுத் தழும்பு. மாமனார் நல்ல மனிதர். "யானை வர்ற காடுங்க மாப்ள. அவுத்து உட்டா நேரா அதுகிட்டயே போயிருவான். வேற என்னங்க பண்றது?" என்றார். நானும் பதில் சொல்லத் தகுதி இல்லாதவன். என் மனைவிதான் பேசினாள். "கவுத்தக் கழட்டுங்க. நான் கூட்டீட்டுப் போறேன்." கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் தங்கை உள்ளே போய் அந்தப் பழைய சேலையைக் கொண்டுவந்தாள். ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் தோட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார்கள். யானையை நோக்கிப் போகிறவன் என்று சொன்ன பையன் அந்தச் சேலை போகிற இடத்துக்குத்தான் போனான்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ரீலிங் அக்கா தன் அக்காள் மகனைக் கொண்டுவந்தாள். பிறகு ஒரு வாத்தியார் வீட்டுப் பெண். பிறகு ஒரு வண்டிக்காரர் மகன். வீடுகளுக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் ஒன்பது பேர். காலையில் தாய்மார்கள் கொண்டுவந்து விடுவார்கள். மில் ஷிப்டுக்குத் தகுந்தபடி பெண்கள் முறை போட்டுக்கொண்டார்கள். எங்கள் கிணற்றோரம் இருந்த மோட்டார் கொட்டகைதான் இடம். பெரிதாக ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. தானாகக் குளிப்பது, சோற்றைப் பிசைந்து சாப்பிடுவது, நிலக்கடலை உரிப்பது, ஊர்ப் பெயரைச் சொல்வது. ஒருவன் தன் ஊர்ப் பெயரைச் சொல்லக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆயிற்று. அன்றைக்கு அவன் அம்மா எல்லோருக்கும் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக்கொண்டு வந்தாள்.

வெளியே கூட்டிக்கொண்டு போனால் நீளமான சேலை ஒன்றை எல்லோரும் பிடித்துக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். முன்னால் என் தங்கை. மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். ஒருவன் கத்தினான், "ஏனுங்கம்மணி, இந்த ரயிலு எந்த டேசனுக்குப் போவுது?"

ரீலிங் அக்கா விடவில்லை. "உங்கூட்டுக்குத்தானுங்க! எலை போட்டு வெய்யுங்க, வாரோம்!"

பஸ்ஸே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அந்த வருஷங்களில் நாங்கள் சிரித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் கொட்டகைக்குப் பக்கச் சுவர் கிடையாது. பத்தடியில் திறந்த கிணறு. மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும். பிள்ளைகளை ஈரத்தில் உட்கார வைக்க முடியாது, வீட்டுக்கு அனுப்பினால் மறுபடி கயிறு. நான்கு சுவரும் ஒரு கதவும் உள்ள ஓர் அறை வேண்டும். அவ்வளவுதான் நாங்கள் கேட்டது. ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை. அந்த இரண்டு மாதமும் மண்டபம் பூட்டித்தான் கிடக்கும். மற்ற மாதங்களிலும் முகூர்த்தம் இல்லாத நாள்தான் அதிகம். பின்பக்கத்துப் பாத்திர அறையைக் கொடுங்கள் என்றுதான் கேட்டோம். ஆமாம், அதே அறை. என் மனைவிதான் அந்த அறையைச் சொன்னாள். "அங்கதான் அடைச்சாங்க. அங்கயே கதவத் தொறந்து வெச்சு உக்காத்தி வெக்கோணுமுங்க" என்றாள்.

உங்கள் ஆபீசுக்கு வந்தோம். உட்காரச் சொன்னீர்கள். காபி கொடுத்தீர்கள். மரியாதைக்கு உங்களிடம் எப்போதும் குறை இருந்ததில்லை.

"சுபகாரியம் நடக்கற எடமுங்க. நாளைக்கு ஒரு முகூர்த்தத்துல இதுகள ஆராவது பாத்துப்போட்டா?"

"ஆடில ஏதுங்க முகூர்த்தம்?" என்றாள் என் மனைவி.

"விதின்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா அம்மணி. சங்க உறுப்பினர் குடும்பத்துக்குத்தான் மண்டபம். நீங்க கூட்டியாந்திருக்கறதுல பாதிப் பேரு நம்ம ஆளுகளே இல்லை."

"சரிங்க. எங்க ரெண்டு பேத்துக்காவது குடுங்க. எந்தம்பி, இவரு தங்கச்சி."

நீங்கள் குமாஸ்தாவைக் கூப்பிட்டுப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னீர்கள். எங்கள் பக்கத்தை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தீர்கள். இந்தப் பக்கம், உடன்பிறந்தோர்: இல்லை. அந்தப் பக்கம், உடன்பிறந்தோர்: இல்லை. கீழே என் கையெழுத்து. ஓரத்தில் என் மஞ்சள் விரல் ரேகை, நிறம் மங்கி.

"ஏட்டுல இல்லாத ஆளுக்கு நானு எப்படிங்க எடம் குடுக்கறது?" என்றீர்கள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்படுகிற முகத்தோடு சொன்னீர்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த வருஷப் பொதுக்குழுவில் என் மனைவி எழுந்து நின்றாள். பெண்கள் பேசுகிற வழக்கம் அங்கே கிடையாது. மைக்கை அவள் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று கையைக் காட்டினீர்கள்.

"மைக்கு வேண்டாமுங்க. எனக்குக் கொரலு இருக்குது" என்றாள். பின்வரிசைவரை கேட்டது. "எங்கல்யாணத்தன்னைக்கு இந்த மண்டபத்துல ஒரு புள்ள காலைல இருந்து பொளுது சாயற வரைக்கும் நின்னுச்சுங்க. அது நிக்கலைன்னு ஏட்டுல எழுதியிருக்குது. ஏட்டத் திருத்துங்க. ஒரு ரூமைத் தொறந்துடுங்க. வேற ஒண்ணும் கேக்கலீங்க."

முன்வரிசையில் ஒருவர், "மாப்ள, உங்கூட்டம்மாளை உக்காரச் சொல்லுங்க" என்றார். இன்னொருவர், "இவரே கையெழுத்துப் போட்டிருக்கறாராமா, அப்பறம் என்ன?" என்றார்.

அப்போது நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்து, "நான் போட்டது பொய்க் கையெழுத்து" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பாதி எழுந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் என் மனைவி எனக்குச் சோறு போட்டாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அதற்கு அடுத்த ஐப்பசியில் மழை நிற்கவே இல்லை. கொட்டகையில் சாக்கை விரித்து அதன்மேல் பலகை போட்டு உட்கார வைத்தோம். மற்ற பிள்ளைகள் வருவது குறைந்தது. தங்கை மட்டும் தினமும் போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள் வருவார்கள் என்று சேலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்ப்பாள். வா என்று கூப்பிட்டால் வரமாட்டாள். சளி பிடித்தது. நெஞ்சில் இறங்கியது. பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள். நீங்கள் கொன்றீர்கள் என்று நான் சொல்லவில்லை. நெஞ்சுச் சளி என்று டாக்டர் எழுதினார். ஈரக் கொட்டகையில் ஏன் இருந்தாள் என்று எழுதுவதற்கு அந்தக் காகிதத்தில் இடம் இல்லை.

உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் சங்கத்திலிருந்து நாலு பேர் மாலையோடு வருவது வழக்கம். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? இல்லாதவள் எப்படிச் சாவாள்? ரீலிங் அக்கா ஷிப்டை விட்டுவிட்டு வந்தாள். வண்டிக்காரர் வந்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார்கள் எல்லோரும் வந்தார்கள். பஸ்ஸில் கேலி செய்தவனாக இருக்குமோ என்று நான் நினைத்த ஓர் ஆள்கூட ரோட்டோரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

எடுத்துக்கொண்டு போன பிறகு மச்சினன் கொட்டகைக்குப் போய் அந்தச் சேலையை எடுத்தான். ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை நீட்டியபடி நின்றான். முன்னால் பிடிக்க ஆள் வேண்டுமே. நாங்கள் குளித்துவிட்டு வருகிறவரை அப்படியே நின்றிருந்தான். என் மனைவி ஈரத் தலையோடு போய் அந்த முனையைப் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் நடந்தான்.

இப்போதும் ஏழு பேர் வருகிறார்கள். இப்போதும் அதே கொட்டகை. கிணற்றுக்கு மட்டும் நானே இரும்பில் கம்பி அடித்து வேலி போட்டிருக்கிறேன். வருகிற ஆடிக்கும் அறைக்காக மனு எழுதியிருக்கிறோம். பதில் இல்லை.

பொதுக்குழு அழைப்பு மட்டும் வந்திருக்கிறது. உங்கள் படத்தை மண்டபத்தில் திறந்து வைக்கப்போகிறார்களாம். சமூகத்தில் ஒருவரையும் விட்டுவிடாமல் அரவணைத்த தலைவர் என்று அழைப்பில் அச்சடித்திருக்கிறார்கள்.

நான் வருகிறேன். இந்தத் தடவை உட்கார்ந்துவிடமாட்டேன். முதலில் நான் சொல்கிறேன்: எனக்கு ஒரு தங்கை இருந்தாள், அவள் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டேன், பயந்து போட்டேன். எல்லோரும் கேட்கச் சொல்கிறேன். காறித் துப்புகிறவர்கள் துப்பட்டும்.

அதற்கு அடுத்து நீங்கள் எழுந்திருக்க வேண்டும். ஆபீசுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்துச் சொல்ல வேண்டாம். கடிதம் எழுத வேண்டாம். என் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டும் சொல்ல வேண்டாம். பொய்யை மைக்கில் சொன்னீர்கள், அதே மைக்கில் பதில் சொல்லுங்கள். பதிவேட்டை மேடைக்குக் கொண்டுவரச் சொல்லி அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

என் கல்யாணத்தன்று பாத்திர அறையில் நின்றுகொண்டிருந்தது யாருங்க?